ஊன்வெட்டிப் பல்லின் இடம்: இந்தோஹையனோடானும் மறைந்துபோன ஒரு குலமும்

இன்றைய இந்தியக் காடுகளில் வேட்டையாடி வாழும் புலி, சிறுத்தை, செந்நாய், கழுதைப்புலி, நரி, கீரி ஆகியவை உருவத்திலும் பழக்கத்திலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டாலும், உயிரியல் அவற்றையெல்லாம் கார்னிவோரா என்னும் ஒரே வரிசைக்குள் அடக்குவதால், ஊன் உண்ணும் நிலவாழ் பாலூட்டி என்றாலே அது அந்த வரிசையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது. பழம்பாறைகளில் கிடைக்கும் எலும்புகள் அந்த எண்ணத்தைத் திருத்துகின்றன. டைனோசர்கள் அழிந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் தோன்றி, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய நான்கு கண்டங்களிலும் பரவி, ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள் இரை பிடித்து வாழ்ந்து, வாரிசு எதையும் விட்டுவைக்காமல் மறைந்த வேறொரு பெருங்குலம் இருந்தது. நாயையும் கழுதைப்புலியையும் தோற்றத்தில் ஒத்திருந்தும் பல்லமைப்பில் அவற்றிலிருந்து விலகி நின்ற அக்குலத்துக்கு ஹையனோடாண்டா என்று பெயர். அதன் மிகப் பழைய தெற்காசியப் பிரதிநிதியான இந்தோஹையனோடான் என்னும் பேரினம் குஜராத்தின் ஒரு சுரங்கத்திலும், உலகிலேயே கடைசியாக எஞ்சி நின்ற பேரினங்களுள் ஒன்றான டிசாப்சாலிஸ் சிவாலிக் பாறைகளிலும் கிடைத்திருப்பதால், இக்குலத்தின் வகைப்பாட்டைப் பேசும் எவரும் இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர்த்துவிட்டுப் பேச முடிவதில்லை.

தொல்லுயிர் எச்சங்கள் தென்னாட்டுக்கும் புதியவை அல்ல. புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வடமேற்கே சேதராப்பட்டு, வழுதாவூர்ப் பக்கங்களில் வெளித்தெரியும் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து 1840களில் திரட்டப்பட்ட சிப்பிகளையும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விரிவாக விவரித்திருக்கிறார். திருவக்கரையின் கல்மரங்களோ அதற்கும் முன்பே, பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னெராவின் வழியாக ஐரோப்பாவுக்கு அறிமுகமாகியிருந்தன. ஆனால் வழுதாவூர்ப் பாறைகள் டைனோசர்களின் காலத்தில் கடலடியில் படிந்தவை. திருவக்கரை மணற்கல் ஆறுகள் அடித்து வந்த பெருமரங்களுக்குப் பெயர் பெற்றது. நிலத்தில் வாழ்ந்த ஒரு சிறு விலங்கின் தாடையெலும்பு ஐந்து கோடி ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டுமானால், அது மட்குவதற்கு முன்பே காற்றுப் புகாத மென்சேற்றில் புதைந்துபோக வேண்டும். சதுப்புக் காடுகள் அழுந்திப் பழுப்பு நிலக்கரியாக மாறிய இடங்களில், அந்நிலக்கரியோடு மாறி மாறிப் படிந்த களிமண் அடுக்குகள் சில வேளைகளில் இந்த நிபந்தனையை நிறைவு செய்கின்றன. பழுப்பு நிலக்கரி என்றதும் தமிழ் வாசகருக்கு நெய்வேலியும், புதுச்சேரிக்காரர்களுக்குப் பாகூரும் நினைவுக்கு வரும். இக்கட்டுரையின் விலங்கு கிடைத்த இடமும் அத்தகைய ஒரு சுரங்கமே.

சூரத் மாவட்டத்திலுள்ள வஸ்தான் சுரங்கத்தின் நிலக்கரி, காம்பே ஷேல் எனப்படும் களிப்பாறைத் தொகுதிக்குள் அடங்கியது. அப்பாறைகள் படிந்தது இயோசீன் காலத்தின் தொடக்கத்தில், அதாவது ஏறத்தாழ 5.45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இந்திய நிலத்தட்டு நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து, ஆசியாவோடு மோதத் தொடங்கும் கட்டத்தில் இருந்தது. இமயமலை இன்னும் எழவில்லை. வஸ்தானில் ஏராளமாகக் கிடைக்கும் அம்பர் கட்டிகள், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசின், குங்கிலிய மரம் சேர்ந்துள்ள டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களிலிருந்து வடிந்தது என்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இன்று தென்கிழக்காசியாவில் காணப்படும் அடர்ந்த மழைக்காட்டைப் போன்ற ஒன்று அன்று அங்கே நின்றது என்பது அதன் பொருள். நிலக்கரி அடுக்குக்குச் சற்று மேலே அமைந்த மெல்லிய களிமண் திட்டுகளைத் தோண்டியெடுத்து, நீரில் கரைத்து, நுண்ணிய சல்லடைகளில் அலசிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வெளவால்களின் பற்கள், தொடக்ககாலக் குரங்கினங்களின் தாடைகள், குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் தொலைவுறவான காம்பேதீரியம் என்னும் விலங்கின் எலும்புகள், பறவை, பாம்பு, தவளை ஆகியவற்றின் எச்சங்கள் எனப் பெருஞ்செல்வம் கிடைத்தது.

அச்செல்வத்தில் ஊனுண்ணி ஒன்றும் இருந்தது. சுனில் பாஜ்பாய், விவேஷ் கபூர், ஹான்ஸ் தெவிசன் ஆகிய மூவரும் 2009இல் அதற்கு இந்தோஹையனோடான் ராவோய் என்று பெயரிட்டனர். இரு சொற்களாலான இப்பெயரில் முன்னது பேரினத்தையும் பின்னது சிற்றினத்தையும் குறிக்கும். முதல் விவரிப்புக்குக் கிடைத்த சான்றுகள் குறைவு. பின்னர், கட்வால் பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர சிங் ராணா, டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் கிஷோர் குமார், சண்டிகரின் அசோக் சாஹ்னி ஆகியோரும் அமெரிக்க, பெல்ஜிய ஆய்வாளர்களும் அடங்கிய குழு கூடுதலான தாடைகளையும் தனிப் பற்களையும், முதன்முறையாக உடலெலும்புகள் சிலவற்றையும் கண்டெடுத்து 2015இல் விரிவாக வெளியிட்டது. அவற்றிலிருந்து தெரியவரும் விலங்கு சிறியது. தரையில் நடமாடவும் வேண்டும்போது மரமேறவும் வல்லது. பின்னாளில் அதன் குலத்தில் தோன்றிய பெரிய வேட்டை விலங்குகளின் மிகைச் சிறப்புகள் எதுவும் இன்னும் அதன் உடலில் வந்துசேரவில்லை.

அந்தச் சிறிய தாடைத் துண்டுகள் ஏன் முக்கியம் என்பதை அறிய, பாலூட்டிகளின் பல்வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் மூதாதைகளுக்கு ஒவ்வொரு தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வெட்டுப்பற்கள், ஒரு கோரைப்பல், நான்கு முன்கடைவாய்ப் பற்கள், மூன்று பின்கடைவாய்ப் பற்கள் என மொத்தம் 44 பற்கள் இருந்தன. ஊன் உண்ணத் தலைப்பட்ட விலங்குகளில், மேல்தாடைப் பல் ஒன்றும் அதற்கு எதிரே அமைந்த கீழ்த்தாடைப் பல் ஒன்றும் நீண்டு தட்டையாகி, ஒன்றன் பக்கவாட்டில் ஒன்று உரசி இறங்கும்போது கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போலத் தசையையும் தசைநாரையும் துண்டிக்கின்றன. இவற்றை ஊன்வெட்டிப் பற்கள் எனலாம். வீட்டு நாய் எலும்பைக் கடிக்கும்போது தலையைச் சாய்த்து வாயின் பக்கவாட்டில் வைத்துக் கடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பர். அது இப்பற்களைப் பயன்படுத்துவதற்காகவே.

எந்தப் பல் ஊன்வெட்டியாக மாறுகிறது என்பது எல்லாக் குலங்களிலும் ஒன்றாக இல்லை. நாய், பூனை, கரடி, கீரி என்று கார்னிவோரா வரிசையைச் சேர்ந்த எல்லாவற்றின் மூதாதையிலும் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதலாவது பின்கடைவாய்ப் பல்லுமே அப்பணியை ஏற்றன. ஹையனோடாண்டுகளிலோ வெட்டும் வேலை தாடையின் பின்கோடிக்குப் போய்விட்டது: மேல்தாடையின் முதலிரண்டு பின்கடைவாய்ப் பற்கள் கீழ்த்தாடையின் இரண்டாவது, மூன்றாவது பின்கடைவாய்ப் பற்களோடு உரசின; அவற்றுள்ளும் மேலே இரண்டாவதும் கீழே மூன்றாவதுமே மிக வலியவை. சற்றுப் பின்னால் நகர்ந்துவிட்ட ஒரு பல் என்று இதைக் கருதி ஒதுக்கிவிட முடியாது. ஊன்வெட்டி முன்னால் அமைந்த நாய்க்கு அதன் பின்னே அரைப்பதற்கும் நொறுக்குவதற்கும் பற்கள் மிச்சமிருக்கின்றன. அந்த மிச்சத்தை அகலமாக்கிக்கொண்ட கரடி கிழங்கும் பழமும் தேனும் தின்னும் விலங்காயிற்று, அதைப் பெரும்பாலும் துறந்துவிட்ட பூனை ஊனை மட்டுமே நம்பி வாழ்கிறது. ஹையனோடாண்டுகளுக்கு அவ்வாறு பின்னால் எதுவும் மிஞ்சவில்லை. அவற்றின் பின்கடைவாய்ப் பற்கள் வெட்டும் பணிக்கே ஒப்படைக்கப்பட்டுவிட்டதால், உணவை மாற்றிக்கொள்ளும் வழி அவற்றுக்கு மிகக் குறுகலாகவே இருந்தது.

இந்தோஹையனோடானின் பற்கள் இந்தப் பாதையின் தொடக்க நிலையைக் காட்டுவதில்தான் அதன் அருமை இருக்கிறது. பழைய பாலூட்டிகளின் கீழ்ப் பின்கடைவாய்ப் பல்லில் முன்பாதி மூன்று கூர்முனைகள் கொண்ட முக்கோணமாகவும், பின்பாதி மேற்பல்லின் முனை ஒன்றை ஏற்று நசுக்கும் சிறு குழியாகவும் அமைந்திருக்கும். பிற்காலத்து ஹையனோடான் பேரினத்தில் அம்முக்கோணத்தின் உட்புற முனை மறைந்து, பின்குழி ஏறக்குறைய அற்றுப்போய், மேல்தாடையின் மூன்றாவது பின்கடைவாய்ப் பல்லே இல்லாமலாகி, எஞ்சியது முழுவதும் கத்தியாகிவிட்டது. வஸ்தான் விலங்கிலோ உட்புற முனையும் இருக்கிறது, நசுக்கும் குழியும் இருக்கிறது, மூன்றாவது மேற்பல்லும் இருக்கிறது. வெட்டும் விளிம்புகள் வளர்ந்திருந்தாலும் பூச்சியையும் சிறு உயிர்களையும் கடித்து நசுக்கித் தின்ற மூதாதையின் அடையாளம் அழியவில்லை.

இவ்விலங்குகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. ஹையனோடான் என்னும் பேரினத்தை 1838இல் பிரான்சில் கிடைத்த எச்சத்தைக் கொண்டு லெசே, பரியூ ஆகிய இருவர் முதலில் விவரித்தனர். பின்கடைவாய்ப் பற்கள் எல்லாமே வெட்டும் பற்களாக இருக்கும் இயல்பு டாஸ்மேனிய ஓநாய் போன்ற பைப்பாலூட்டிகளிலும் காணப்பட்டதால், அந்நூற்றாண்டின் அறிஞர்கள் சிலர் இவற்றைக் கங்காருவின் உறவினராகவே கருதியதும் உண்டு. 1875இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப், கார்னிவோராவுக்குள் அடங்காத பழைய ஊனுண்ணிகளைத் திரட்டிக் கிரியோடாண்டா என்னும் தொகுதியை ஏற்படுத்தினார். குளம்பு கொண்ட ஊனுண்ணிகள், பருத்த உடல் கொண்ட ஆக்சியீனாக்கள், மரநாய் போன்ற சிறு விலங்குகள் என்று பலவும் காலப்போக்கில் அதனுள் இடம்பெற்றன. பிற்காலத்து ஆய்வுகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வேறிடங்களில் வைத்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியோடாண்டாவில் எஞ்சியவை ஆக்சியீனிடே, ஹையனோடாண்டிடே என்னும் இரண்டே குடும்பங்கள்.

அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்திருந்த கயிறும் மெலிந்ததுதான். கார்னிவோராவைவிடப் பின்னால் அமைந்த ஊன்வெட்டி என்பதே அவற்றுக்குப் பொதுவாகச் சொல்லப்பட்ட முதன்மைப் பண்பு. ஆக்சியீனாக்களில் அது மேலே முதலாவது, கீழே இரண்டாவது பின்கடைவாய்ப் பல். ஹையனோடாண்டுகளில் அதற்கும் ஒருபடி பின்னால். ஒரே பல் இருவருக்கும் பரம்பரைச் சொத்தாக வந்திருந்தால் உறவு உறுதியாகும். வெவ்வேறு பற்கள் ஒரே தொழிலைச் செய்தால், ஒரே தேவை இரு குலங்களைத் தனித்தனியே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தது என்றுதான் கொள்ள வேண்டும். குவிபரிணாமம் என்று உயிரியல் இதைக் குறிப்பிடும். 1990களுக்குப் பின் வந்த பகுப்பாய்வுகள், கிரியோடாண்டா ஒரே மூதாதையிலிருந்து வந்த இயற்கையான தொகுதி என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று காட்டின. இப்போது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஹையனோடாண்டாவையும் ஆக்சியீனோடாண்டாவையும் இரு தனி வரிசைகளாகவே எழுதுகின்றனர். கிரியோடாண்டா என்ற பெயர் பொதுமக்களுக்கான நூல்களில் இன்றும் புழங்குகிறது. ‘இன்றைய ஊனுண்ணிகளின் தோல்வியுற்ற முன்னோடி’ என்று அதற்குக் கொடுக்கப்படும் விளக்கம் கைவிடத்தக்கது. ஹையனோடாண்டுகள் எந்த இன்றைய விலங்குக்கும் முன்னோடி அல்ல. அவை தமக்கென ஒரு வழியில் நடந்தவை.

பற்களுக்கு அப்பாலும் இந்த வேறுபாடு தெரிகிறது. கார்னிவோராவில் மணிக்கட்டின் சிற்றெலும்புகள் சில ஒன்றோடொன்று இணைந்து ஒரே எலும்பாகிவிட்டிருக்க, ஹையனோடாண்டுகளில் அவை தனித்தனியாகவே இருந்தன. நகத்தைத் தாங்கும் விரல்நுனி எலும்பு ஹையனோடாண்டுகளில் நுனியில் பிளவுபட்டிருந்தது. இப்பிளவு இன்றைக்கு அழுங்கின் விரலெலும்பிலும் காணப்படுகிறது. மரபணு ஆய்வுகள் கார்னிவோராவுக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு பல்லே இல்லாத அந்த அழுங்குதான் என்று நிறுவியிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, உணவை வைத்து உறவைக் கணிப்பது எவ்வளவு தவறாகிவிடும் என்பது புலனாகும். கார்னிவோரா, அழுங்குகள், ஆக்சியீனாக்கள், ஹையனோடாண்டுகள் ஆகியவற்றை ஒரு பெருங்கிளையாகத் தொகுக்கும் வழக்கம் உண்டு. அக்கிளைக்குள் எது எதற்கு அண்மை என்பதை முடிவு செய்ய, அழிந்துபோன குலங்களின் மரபணு கிடைக்க வழியில்லை, எலும்பு மட்டுமே சாட்சி.

அந்தச் சாட்சியத்தில் இந்தோஹையனோடானின் இடம் எது? தெற்காசியாவில் இக்குலத்தின் வேறு பேரினங்களும் தெரிந்தவையே. ஜம்முப் பகுதியின் காலாகோட்டில் கிடைத்த பாராட்ரிடெம்னோடானை ஏ. ரங்கராவ் 1973இல் விவரித்தார். மியான்மரின் பொண்டவுங் பாறைகளிலிருந்து கியாவ்தாவியா, யார்ஷியா என்னும் பேரினங்கள் பெயர் பெற்றன. இவையெல்லாம் வஸ்தான் விலங்கைவிட ஒரு கோடி ஆண்டு அளவில் இளையவை. நூற்றுக்கணக்கான உறுப்புப் பண்புகளை எண்களாகக் குறித்து, மிகக் குறைந்த மாற்றங்களால் எல்லாவற்றையும் விளக்கும் உறவு மரத்தைக் கணினியால் தேடும் முறையில், இந்தத் தெற்காசிய விலங்குகள் இந்தோஹையனோடானைச் சுற்றி ஒரு தனிக் குழுவாகக் கூடுகின்றன. பல பகுப்பாய்வுகளில் அக்குழு ஆப்பிரிக்கக் கிளைகளின் பக்கம் சாய்கிறது. மொராக்கோவில் இயோசீனுக்கு முந்திய பாலியோசீன் காலப் பாறைகளில் கிடைத்த லாஹிமியா போன்ற பேரினங்கள் இந்தோஹையனோடானுக்கும் முந்தியவை என்பதால், ஆப்பிரிக்காவையே இக்குலத்தின் பிறப்பிடமாகக் கொள்வோர் இதை வலுவான துணைச் சான்றாகக் கருதுகின்றனர். அதே வஸ்தானில் கிடைத்த வேறு பாலூட்டிகள் பல ஐரோப்பிய உறவைக் காட்டுவதோ, வடக்கிலிருந்து வந்த வழி ஒன்றும் திறந்திருந்தது என்பதை நினைவூட்டுகிறது. வந்த வழி எதுவானாலும், தீவாக நகர்ந்துகொண்டிருந்த இந்தியா ஏனைய நிலங்களோடு உயிரினங்களைப் பரிமாறத் தொடங்கிவிட்ட காலத்தை இந்தத் தாடைத் துண்டுகள் குறிக்கின்றன.

இப்பகுப்பாய்வுகளை நடத்துவோரின் பெரிய இடர்ப்பாடு, பற்கள் உணவுக்கேற்ப விரைந்து மாறுபவை என்பதுதான். ஒரே வகைப் பல் இரு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருந்தால் கணினி அவற்றைத் தவறாக ஒன்றுசேர்க்கக்கூடும். ஆகவேதான் வஸ்தானின் உடலெலும்புகளுக்கு அத்தனை மதிப்பு. தேர்ந்த கண்களும் ஏமாறுவதற்குக் கென்யா ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஏறத்தாழ 2.2 கோடி ஆண்டுப் பழமையான ஒரு மாபெரும் ஹையனோடாண்டின் எலும்புகள் நைரோபி தேசிய அருங்காட்சியகத்தில் கழுதைப்புலி எச்சங்களோடு இழுப்பறை ஒன்றில் பல ஆண்டுகள் கிடந்தன. மேத்யூ போர்த்ஸ், நான்சி ஸ்டீவன்ஸ் ஆகிய இருவரும் அவற்றை மறுபடி ஆராய்ந்து 2019இல் சிம்பாகுப்வா என்று பெயரிட்ட பின்னரே அதன் உண்மை வெளிப்பட்டது.

குலத்தின் மறுகோடியில் நிற்கும் டிசாப்சாலிஸ், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் கை பில்கிரிம் 1910இல் பெயரிட்ட பேரினம். அதன் எச்சங்கள் கிடைத்த சிவாலிக் பாறைகளின் சின்ஜிப் பகுதி, இன்றைய பாகிஸ்தானின் பொத்வார் மேட்டில் உள்ளது. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக பார்னம் பிரவுன் 1920களில் சிவாலிக்கில் திரட்டியவற்றை எட்வின் கோல்பெர்ட் ஆராய்ந்தார். டிசாப்சாலிஸின் மண்டையோட்டைப் பற்றி அவர் 1933இல் எழுதிய கட்டுரையில் அதைக் கிரியோடாண்டு என்றே குறித்தார். ஜான் பேரி 1988இல் பாகிஸ்தான், கென்ய எச்சங்களை ஒருங்கே ஆராய்ந்தபோது அதைப் புரோவிவெரினே என்னும் துணைக்குடும்பத்தில் வைத்தார். இப்போது புரோவிவெரின்கள் ஐரோப்பாவுக்கே உரியவை எனக் கருதப்பட்டு, டிசாப்சாலிஸ் ஆப்பிரிக்க வேர் கொண்ட டெராடோடாண்டின்களோடு சேர்க்கப்படுகிறது. எலும்பு மாறவில்லை, புதிய எலும்புகள் வர வர, பழைய எலும்புகளின் இடம் தெளிவாகிறது. வகைப்பாடு அடிக்கடி மாறுவதைக் கண்டு அதை நம்பத்தகாதது என்று கருதுவோர் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னே எந்தப் பல், எந்த எலும்பு என்று காட்ட முடிவதே இத்துறையின் நேர்மை.

டிசாப்சாலிஸ் வாழ்ந்த மயோசீன் காலச் சிவாலிக் சமவெளியில் கார்னிவோராவின் கிளைகள் பலவும் கூடவே வாழ்ந்தன: ஆம்ஃபிசியான் என்னும் கரடிநாய், வாள்பல் கொண்ட பூனைபோன்ற விலங்குகள், கழுதைப்புலிகளின் உறவினர். மற்ற கண்டங்களில் ஹையனோடாண்டுகள் பெரும்பாலும் அற்றுப்போன பிறகும் இங்கே அவற்றினிடையே நிலைத்திருந்த டிசாப்சாலிஸ், ஏறக்குறைய 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பாறைப் பதிவிலிருந்து மறைகிறது. பல்லமைப்பின் நெகிழ்வின்மையே இக்குலத்தின் அழிவுக்குக் காரணம் என்ற விளக்கம் கவர்ச்சியானது, பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆயினும் அதே பற்களோடு அவை நான்கு கண்டங்களில் ஐந்து கோடி ஆண்டுகள் செழித்தன என்பதையும், பற்களைப் பூனைகளும் வெட்டும் பணிக்கே ஒப்படைத்துவிட்டு இன்றும் வாழ்கின்றன என்பதையும் அவ்விளக்கம் எதிர்கொண்டாக வேண்டும். மயோசீன் பிற்பகுதியில் காலநிலை மாறி, காடுகள் குறைந்து, இரை விலங்குகள் மாறியதும் காரணங்களுள் சேரும். ஒரே காரணத்தைத் தேடுவதைவிட, இவை எந்த வரிசையில் நேர்ந்தன என்பதைச் சிவாலிக்கின் அடுக்குகளில் தொடர்ந்து படிப்பதே பயன் தரும்.

குலத்தின் தொடக்கத்தைப் பற்றிய கேள்விகளுக்கோ அவ்வளவு அவகாசம் கிடையாது. சிவாலிக் பாறைகள் மழையில் அரிக்கப்பட்டு ஆண்டுதோறும் புதிய எலும்பை வெளிக்காட்டிக்கொண்டிருக்க, வஸ்தான் போன்ற சுரங்கங்களில் எலும்பு தாங்கிய களிமண், நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றப்படும் கழிவு மண்ணாகவே கருதப்படுகிறது. வெட்டிக் குவிக்கப்பட்ட பின் எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அடுக்கு தெரியாத எலும்புக்கு வயது தெரியாது, வயது தெரியாத எலும்பால் உறவு மரத்தில் ஒரு கிளை எப்போது பிரிந்தது என்று காட்ட முடியாது. வஸ்தானுக்கு அருகிலுள்ள தட்கேஷ்வர் சுரங்கத்திலும் இயோசீன் பாலூட்டிகளின் எச்சங்கள் கிடைத்து 2016இல் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நிலக்கரி அடுக்கை எந்திரம் எட்டும் முன்பே களிமண்ணைச் சல்லடையிட்டுப் பார்க்கும் ஏற்பாடு நிலையாக அமைந்தால், இந்தோஹையனோடானுக்கும் மொராக்கோவின் மூத்த பேரினங்களுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பும் பல் இந்திய மண்ணிலிருந்தே கிடைக்கக்கூடும்.